குடியை நிறுத்தணும்னு முடிவு பண்ணிட்டீங்களா? முதல்ல ஒரு போன் பண்ணுங்க

"நாளையிலிருந்து தொடவே மாட்டேன்." வீட்டில் தினமும் குடிக்கிறவர் ஒருத்தர் இருந்தால் இந்த வார்த்தையை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது நடப்பதில்லை. எப்போதாவது ஒருமுறை நிஜமாகவே நடந்துவிடும். இந்தக் கட்டுரை அந்த ஒருமுறையைப் பற்றித்தான்.

பல வருடங்களாகத் தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர், மருத்துவ உதவி இல்லாமல் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். குடித்தால் கெடுதல், விட்டால் நல்லது என்று மட்டுமே கேட்டு வளர்ந்த நமக்கு இது விநோதமாகப் படும். அதற்காக "அப்போ குடிச்சிக்கிட்டே இருக்கலாமா?" என்று யாரும் கேட்டுவிட வேண்டாம். நிறுத்தத்தான் வேண்டும். எப்படி நிறுத்துவது, யாரைக் கேட்டு நிறுத்துவது என்பதில்தான் விஷயம் இருக்கு.

38 பேரில் ஒருவர்

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நாடு முழுக்க ஓர் ஆய்வு நடத்தியது. 2019-இல் வெளியான அதன் அறிக்கைப்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 சதவீதம் பேர், அதாவது சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் சுமார் 5.7 கோடிப் பேருக்குக் குடியால் ஏதோ ஒரு வகையில் பாதிப்பு, உதவி தேவைப்படுகிறது. அதிலும் சுமார் 2.9 கோடிப் பேர் மது இல்லாமல் இயங்க முடியாத அடிமை நிலைக்குப் போனவர்கள்.

இந்த எண்களை விட உறுத்துகிற எண் அதே அறிக்கையில் இன்னொன்று இருக்கிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ கிடைத்தவர் 38 பேரில் ஒருவர்தான். மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுத்தவர் 180 பேரில் ஒருவர். சர்க்கரை நோய்க்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஊரில் 38 பேருக்குச் சர்க்கரை இருந்து ஒரே ஒருவர் மட்டும் டாக்டரிடம் போகிறார் என்றால் நாம் சும்மா இருப்போமா? குடி என்று வந்துவிட்டால் மட்டும் "திமிரு", "கொழுப்பு", "சொன்னாலும் திருந்தாத ஜென்மம்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நோய் என்று நினைக்காத ஒன்றுக்கு யார் ஆஸ்பத்திரி தேடப் போகிறார்கள்?

தமிழ்நாட்டின் கணக்கும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் மது அருந்துவோர் அகில இந்திய அளவில் 18.8 சதவீதம், நம் மாநிலத்தில் 25.4 சதவீதம். பெண்களில் 0.3 சதவீதம் என்கிறது ஆய்வு. வீட்டு வாசலில் வந்து கேட்கும்போது எத்தனை பெண்கள் "ஆமாம்" என்று சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே அந்த எண்ணைப் படிப்பது நல்லது. கீழே சொல்லும் எல்லா உதவியும் பெண்களுக்கும் உண்டு.

இந்த இடத்தில் உங்கள் மனதில் ஒரு கேள்வி எழும். கடை நடத்துவதும் அரசு, சிகிச்சை தருவதும் அரசு, இது எப்படி? நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003-இலிருந்து டாஸ்மாக் நிறுவனத்திடம் இருக்கிறது. மதுவிலக்கைக் கொண்டுவர அரசுகள் முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவு வழிகாட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் தெருவிலும் விவாதம் நடந்துகொண்டே இருக்கிறது. அது எப்போது முடிந்தாலும், இன்றைக்கு ராத்திரி கை நடுங்கும் ஒருவருக்கு இன்றைக்கே உதவி வேண்டும். அதனால் நாம் அங்கே போவோம்.

குவார்ட்டர் கணக்கு

"நான் அளவாத்தான் குடிக்கிறேன்" என்பவர்கள் நிறையப் பேர். எது அளவு? அரசு இதழில் 'குவார்ட்டர்' என்று எழுதலாமா என்று ஒரு தயக்கம் இருந்தது. 180 மில்லி என்று எழுதினால் யாருக்கும் உறைக்காது, ஆகவே குவார்ட்டர்.

பிராந்தி, விஸ்கி, ரம் போன்றவற்றில் பொதுவாக 42.8 சதவீதம் ஆல்கஹால் இருக்கும். ஒரு குவார்ட்டரில் உள்ள சுத்த ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். 10 கிராம் என்பது ஒரு நிலையான அளவு என்று மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். அதாவது ஒரு குவார்ட்டர் ஆறு அளவு. கட்டிங் என்றாலும் மூன்று. பீர்தானே என்று நினைக்காதீர்கள். 8 சதவீதம் உள்ள ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்று நான்கு அளவு, கட்டிங்கை விட அதிகம்.

நம் கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7, 8 கிராம் ஆல்கஹாலைத்தான் கரைக்கும். மோர் குடித்தாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு ஒரு குவார்ட்டர் முடித்தவர் காலை ஐந்து மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "நேத்து ராத்திரி குடிச்சது சார்" என்பது அங்கே செல்லாது.

புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று மதுவை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. இத்தனை வரை குடித்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை என்று 2023-இல் அந்த நிறுவனம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள மருத்துவர்கள் கேட்கும் நான்கு எளிய கேள்விகள் உண்டு. குறைத்துக்கொள்ள வேண்டும் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? உங்கள் குடியைப் பற்றி மற்றவர் பேசினால் எரிச்சல் வருகிறதா? குடித்ததை நினைத்துக் குற்ற உணர்வு வந்திருக்கிறதா? காலையில் எழுந்ததும் நடுக்கம் நிற்க, உடம்பு தேற, கொஞ்சம் ஊற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறதா? இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. நான்காவது கேள்விக்கு 'ஆமாம்' என்றால், தயவுசெய்து நீங்களாகவே திடீரென்று நிறுத்தாதீர்கள்.

நிறுத்திய மூன்று நாட்கள்

மது மூளையின் வேகத்தைக் குறைக்கும் பொருள். தினமும் குடிப்பவரின் மூளை அதற்கு ஈடுகொடுக்கத் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். பிரேக்கை அழுத்திக்கொண்டே ஆக்ஸிலேட்டரை முறுக்குவது மாதிரி. வருடக்கணக்கில் இப்படி ஓடிய வண்டியில் திடீரென்று பிரேக்கை மட்டும் விட்டால்?

கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனதும் கை நடுங்கும். வியர்க்கும், குமட்டும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. பலருக்கு இத்தோடு நின்று நாலைந்து நாளில் சரியாகிவிடும். சிலருக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரும். வாழ்க்கையில் ஒருமுறைகூட வலிப்பு வராதவருக்கும் வரலாம். இன்னும் சிலருக்கு இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் மனக்குழப்பம் வந்துவிடும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், கிழமை தெரியாது, காய்ச்சல் அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். இந்த நிலைக்குச் சிகிச்சை தராவிட்டால் உயிர் போகலாம்.

இதைப் பேய் என்றும் பித்து என்றும் நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போகிற குடும்பங்கள் இன்றும் உண்டு. அந்த ஒரு நாள் தாமதம் மிகப் பெரிய விலை. இன்னொரு சூழ்நிலையும் கவனிக்க வேண்டியது. பைக் விபத்தில் கால் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்கிறார். குடிப்பதை டாக்டரிடம் சொன்னால் மரியாதை போய்விடும் என்று வீட்டார் மறைக்கிறார்கள். மூன்றாம் நாள் ராத்திரி அவர் டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடப் பார்க்கிறார். எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்ற இரண்டு தகவலையும் சேரும்போதே சொல்லியிருந்தால் இது தவிர்க்கக் கூடியது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஒரே நாளில் கடைகள் மூடப்பட்டபோது நாடு முழுக்க இதைத்தான் பார்த்தோம். கேரளத்தில் டாக்டர் சீட்டு வைத்திருப்பவருக்கு மது தரலாம் என்று அரசே உத்தரவு போட்டது. மது மருந்தாகாது என்று மருத்துவர்கள் எதிர்த்தார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மருத்துவர்கள் சொன்னதுதான் சரி. இதற்கு முறையான மருந்துகள் இருக்கின்றன. மூளையை அமைதிப்படுத்தும் மாத்திரையைச் சில நாட்களுக்குக் கொடுத்து, படிப்படியாகக் குறைப்பார்கள். குடிப்பவர்களுக்கு உடம்பில் பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும் என்பதால் தயமின் ஊசி போடுவார்கள். இந்த மாத்திரைகளை மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேட்டு வாங்கிப் போடுவது கூடாது. மதுவோடு சேர்ந்தால் மூச்சையே நிறுத்தக் கூடியவை அவை.

மாலை போடுவதற்கு முன்னாடி

கார்த்திகையில் மாலை போடுவதற்காக, ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதற்காக, தவக்காலத்துக்காகக் குடியை விடுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. அந்த மனஉறுதி சாதாரணமானது அல்ல. பலர் அந்த 48 நாட்களைப் பிடித்துக்கொண்டு அப்படியே வெளியே வந்திருக்கிறார்கள். அந்த உறுதியோடு ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் குடிக்கிறவராக இருந்தால் மாலை போடும் தேதிக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடியே அரசு மருத்துவமனைக்குப் போய் "நான் குடியை விடப்போறேன், மருந்து வேணும்" என்று கேளுங்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், கல்லீரல் பாதிப்போ இதய நோயோ உள்ளவர், 60 வயதைத் தாண்டியவர் ஆகியோரை டாக்டர் உள்நோயாளியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே மருந்து போதும்.

யாருக்குப் போன் பண்றது?

போன் கையில்தானே இருக்கு? இந்த எண்களைச் சேமித்துவிட்டு மேலே படியுங்கள்.

14446 என்பது மது, போதைப் பழக்கத்துக்கான தேசியக் கட்டணமில்லா உதவி எண். 14416 டெலி மானஸ் மனநல உதவி எண். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். குடிக்கிறவர்தான் பேச வேண்டும் என்று இல்லை. மனைவி, மகள், தம்பி, யார் வேண்டுமானாலும் "வீட்ல இப்படி ஒரு பிரச்சினை, என்ன செய்யறது?" என்று கேட்கலாம். உங்களுக்கு அருகில் எந்த மருத்துவமனை என்பதை 104-இலும் கேட்கலாம். வலிப்பு, மனக்குழப்பம், நினைவிழப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், 108.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் குடிநோய்க்குத் தனி சிகிச்சை உண்டு. 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு சிகிச்சை மையங்கள் அரசு மருத்துவமனைகளில் திறக்கப்பட்டன. இவற்றில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. 'மனநலப் பிரிவு' என்ற போர்டைப் பார்த்துத் திரும்பி வருகிறவர்கள் உண்டு. யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற பயம். அந்த வரிசையில் தூக்கம் வராதவர், தீராத தலைவலிக்காரர், பரீட்சைப் பயத்தில் வந்த பிள்ளை எல்லோரும்தான் நிற்கிறார்கள்.

அந்தப் பவுடர் விளம்பரம்

குடியைப் பற்றி ஒருமுறை தேடிப் பாருங்கள். அடுத்த நிமிடமே உங்கள் போனில் ஒரு விளம்பரம் வரும். "அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், 15 நாளில் குடியை வெறுப்பார்." பவுடர், சொட்டு மருந்து, லேகியம் எனப் பல ரூபம். இதை வாங்குவது பெரும்பாலும் மனைவியும் அம்மாவும். வேறு வழி தெரியாமல் வாங்குகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆபத்து பெரியது.

டைசல்ஃபிராம் என்று ஒரு மருந்து உண்டு. அதைச் சாப்பிடும் காலத்தில் மது உள்ளே போனால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இதயம் தாறுமாறாகத் துடித்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். உயிரிழப்பும் நேரலாம். நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதத்தோடு, சோதனைகள் செய்த பிறகே டாக்டர்கள் தருகிற மருந்து இது. தெரியாமல் கலந்து கொடுத்தால், தெரியாமலேயே அவர் மேலே குடிப்பார். விளம்பரப் பொட்டலத்தில் இதுதான் இருக்கிறதா, வேறு ஏதாவதா, வெறும் மாவா என்று உங்களால் சொல்ல முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொருளை யாருடைய சாதத்திலும் கலக்காதீர்கள்.

பூட்டு போட்ட மையங்கள்

இன்னொரு வலை, பதிவில்லாத மறுவாழ்வு மையங்கள். வண்டியில் நாலு பேர் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள், மூன்று மாதம் யாரும் பார்க்கக் கூடாது, மாதக் கட்டணம் மட்டும் தவறாமல் கட்டணும். உள்ளே டாக்டரே இருக்க மாட்டார். மேலே சொன்ன அந்த மூன்று நாள் ஆபத்து அங்கே வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

2017-ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டத்தில் மது, போதையால் வரும் பாதிப்புகளும் அடங்கும். சங்கிலியால் கட்டுவது, கட்டாயமாக மொட்டை அடிப்பது எல்லாம் சட்டவிரோதம். குடும்பத்தோடு பேசவும் பார்க்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு. அவர் சம்மதிக்க முடியாத நிலையில் இருந்தாலும் குடும்பம் கேட்டுக்கொண்டது என்பதற்காக மட்டும் அடைத்துவிட முடியாது; மனநல மருத்துவர் உட்பட இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், முதலில் அதிகபட்சம் 30 நாட்கள்தான். சேர்ப்பதற்கு முன் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேளுங்கள், உள்ளே நடந்து ஒரு சுற்று பாருங்கள். மேப்பில் ஐந்து ஸ்டார் இருப்பது பதிவுச் சான்று ஆகாது. பார்க்க விடவில்லை என்றால் அங்கேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கள்ளச்சாராயம் பற்றிச் சுருக்கமாக

2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டு பகுதிகளிலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காரணம் மெத்தனால். ருசியிலும் வாசனையிலும் யாராலும் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. குடித்த உடனே ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண் மங்கல் ஆரம்பிக்கும். "பக்கத்துல குடிச்சவனுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று காத்திருக்கக் கூடாது. பார்வை மங்குகிறது என்று ஒருவர் சொன்னால் அவரோடு சேர்ந்து குடித்த எல்லோரையும், நன்றாக இருப்பவர்களையும் சேர்த்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விற்பனை பற்றிய தகவலை 10581 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.

மறுபடி குடித்துவிட்டால்

சிகிச்சை எடுத்தவர் மறுபடி குடிப்பது இந்த நோயில் சகஜம். முதல் சில மாதங்களில்தான் அதிகம் நடக்கும். சம்பள நாள், கல்யாண வீடு, சாவு வீடு, பழைய நண்பரின் போன் கால், எல்லாமே இழுக்கும். அப்படி ஆனால் "எல்லாம் வீண்" என்று விட்டுவிடாமல் அதே வாரத்தில் அதே டாக்டரிடம் போங்கள். ஆசையைக் குறைக்கும் மருந்துகளை மாற்றிக் கொடுக்க வாய்ப்பு இருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களின் கூட்டங்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் தமிழிலேயே நடக்கின்றன. கட்டணம் கிடையாது, முழுப் பெயர் கேட்க மாட்டார்கள். குடும்பத்தினருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு.

வீட்டில் அடி, உதை என்றால் அவர் குடியை விடும் வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. அவருக்குச் சிகிச்சை ஒரு பக்கம் நடக்கட்டும், உங்கள் பாதுகாப்பு அதற்காகக் காத்திருக்காது.

முதல் முறை மருத்துவமனைக்குப் போகும்போது பழைய சீட்டுகள், இப்போது சாப்பிடும் பிரஷர், சுகர் மாத்திரைகளின் அட்டை, ஆதார் இவற்றைக் கையோடு எடுத்துப்போங்கள். சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் வெறும் வயிற்றில் குடித்தால் ராத்திரியில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். டாக்டர் அதையும் கேட்பார். தினமும் எவ்வளவு என்று கேட்கும்போது பாதியாகக் குறைத்துச் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லும் அளவை வைத்துத்தான் அவர் மாத்திரையின் அளவை முடிவு செய்கிறார்.